பம்பில் வரியில்லாத டீசல்: நியூசிலாந்தின் கிலோமீட்டர் கட்டணம், ஒரு நிகழ்வு ஆய்வு

நியூசிலாந்துக்குச் சுற்றுலா போய் டீசல் கேம்பர்வேன் (உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள வேன்) வாடகைக்கு எடுப்பவர்கள், முதல் தடவை டேங்கை நிரப்பும்போது சந்தோஷப்படுவார்கள். அங்கே பொதுவாகப் பெட்ரோலைவிட டீசல் கணிசமாக மலிவு. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் அன்றைக்குத்தான் பில்லில் இன்னொரு தொகை தலைகாட்டும்: ஓடிய ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று ஒரு சாலைக் கட்டணம். வாடகைக் கம்பெனி ஏமாற்றவில்லை. அந்த நாட்டில் டீசலுக்குப் பம்பில் சாலை வரி கிடையாது. டீசல் வண்டிகள் அனைத்தும், காரோ 40 டன் லாரியோ, ஓடும் தூரத்துக்குப் பணம் கட்டுகின்றன. சட்டப்படி அதன் பெயர் சாலைப் பயனர் கட்டணம், பேச்சில் 'ரக்'.

மின்சார வண்டிகள் பெருகினால் எரிபொருள் வரி வற்றிவிடும், அதற்குப் பதில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாமா என்று பல நாடுகள் இப்போதுதான் கமிட்டி போட்டு யோசிக்கின்றன. நியூசிலாந்து இதை 1978 ஏப்ரல் முதல் செய்துவருகிறது. இப்போது பெட்ரோல் வண்டிகளையும் சேர்த்து, நாட்டில் உள்ள ஏறத்தாழ 35 லட்சம் இலகு ரக வண்டிகளையும் இதே முறைக்குக் கொண்டுவரப் போவதாக 2025 ஆகஸ்டில் அரசு அறிவித்திருக்கிறது. ஆகவே, இதில் எது சுலபம், எது கஷ்டம் என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான நாடு இல்லை. தொழில்நுட்பமும் தனியுரிமையும்தான் சிக்கல் என்று வெளியே பலர் நினைக்கிறார்கள். நியூசிலாந்தின் கதையைப் பார்த்தால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: கண்ணுக்குத் தெரியாமல் கட்டிவந்த வரியை, கண்ணுக்குத் தெரியும்படி, மொத்தமாக, முன்கூட்டியே கட்டச் சொல்வதில்.

ஏன் தொடங்கினார்கள்

நியூசிலாந்தில் பெட்ரோல் வரி 1927-இலேயே வந்துவிட்டது. டீசலில் ஒரு தொல்லை இருந்தது. நாட்டில் விற்கும் டீசலில் கணிசமான பகுதி சாலைக்கே வருவதில்லை; பண்ணை டிராக்டர், மீன்பிடிப் படகு, ஜெனரேட்டர் என்று போய்விடுகிறது. இப்போதும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அப்படித்தான் என்பது அரசின் கணக்கு. பம்பில் வரி போட்டால் அத்தனை விவசாயிக்கும் மீனவருக்கும் ரசீது பார்த்துப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். விவசாயிகள் பலமாக இருக்கும் நாட்டில் எந்த அரசும் அந்த வம்பை விலைக்கு வாங்காது.

இரண்டாவது காரணம் லாரி. சாலையை நாசம் செய்வது பெரும்பாலும் கனரக வண்டிகள்தான். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தனியாகச் சாலை போட்டு, அதில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். சக்கரங்களை இணைக்கும் அச்சின் மீதுள்ள சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்தது. டீசல் செலவு அப்படி ஏறுவதில்லை. நிறைசுமை லாரி ஒரு காரைவிடச் சில மடங்கு அதிகமாக டீசல் குடிக்கும். ஆனால் அது செய்யும் சேதம் ஆயிரக்கணக்கான மடங்கு. எரிபொருள் வரியை வைத்து இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. தூரம், எடை, அச்சுகளின் எண்ணிக்கை மூன்றையும் சேர்த்துக் கட்டணம் போட்டால் முடியும். அதே எடையைக் கூடுதல் அச்சுகளில் பரப்பினால் கட்டணம் குறையும் என்பதால், லாரிக்காரர் வண்டி வாங்கும்போதே அதைக் கணக்கில் வைக்கிறார்.

மூன்றாவது காரணம் ரயில். ரயிலைக் காப்பாற்ற 1936 முதல் நியூசிலாந்தில் ஒரு சட்டம் இருந்தது: ரயில் பாதை இருக்கும் தடத்தில் லாரி 30 மைலுக்கு மேல் சரக்கு ஏற்றிப் போகக் கூடாது. அந்த எல்லை படிப்படியாக நீண்டு 1977-இல் 150 கிலோமீட்டர் ஆனது. 1980-களில் முற்றிலும் போனது. லாரியைத் தடுப்பதை விட்டுவிட்டு, அது உண்டாக்கும் செலவை அதனிடமே வாங்குவோம் என்ற யோசனையில்தான் ரக் பிறந்தது.

அன்றாடத்தில் எப்படி நடக்கிறது

ஆச்சரியப்படும் அளவுக்குப் பழங்காலத்து ஏற்பாடு இது. டீசல் கார் வைத்திருப்பவர் 1,000 கிலோமீட்டர் கட்டுகளாகத் தூரத்தை விலைக்கு வாங்குகிறார். வாங்கியதும் வண்டி எண், எத்தனையாவது கிலோமீட்டரிலிருந்து எத்தனை வரை என்று அச்சடித்த ஒரு சீட்டு தபாலில் வரும். அதை முன் கண்ணாடியில் செருக வேண்டும். ஓடோமீட்டர் அந்தக் கடைசி எண்ணைத் தாண்டுவதற்குள் அடுத்த கட்டு வாங்கியாக வேண்டும். போலீஸ்காரர் சீட்டையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தால் போதும், விஷயம் தெரிந்துவிடும். போலீஸ் பார்க்காவிட்டாலும், நம்மூர் எஃப்.சி. மாதிரி அங்கே கார்களுக்கும் நடக்கும் தகுதிச் சோதனையில் மீட்டர் அளவைப் பதிந்துகொள்கிறார்கள். வாங்கியதைவிட அதிகம் ஓடியிருந்தால் அங்கே மாட்டும்.

லாரிக்கு உள்ளிருக்கும் மீட்டரை நம்புவதில்லை. இடதுபுறச் சக்கரத்தின் நடுவில், கைக்குள் அடங்கும் ஓர் உருண்டைக் கருவி இருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து வெளிக்கூடு சுற்றும். உள்ளே ஒரு கனமான குண்டு தொங்கிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். அந்த வித்தியாசத்தை எண்ணியே கிலோமீட்டர் ஓடுகிறது. மின்சாரமும் வேண்டாம், செயற்கைக்கோளும் வேண்டாம். பின்னால் மாட்டும் கனரக டிரெய்லருக்குத் தனிக் கட்டணம் என்பதால் அதற்கும் ஒன்று உண்டு. 2010 வாக்கில் ஈரோட் என்ற ஆக்லாந்து கம்பெனி இதையே மின்னணுப் பெட்டியாகச் செய்து, கட்டணத்தைத் தானாகவே கட்டும் வசதியையும் சேர்த்தது. பெரிய லாரிக் கம்பெனிகள் அதற்கு மாறிவிட்டன. (நம் ஈரோட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.)

தனியுரிமை பற்றிய பயத்துக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. எங்கே போனாய் என்று ரக் கேட்பதில்லை. எவ்வளவு ஓடினாய் என்று மட்டும்தான் கேட்கிறது. ஜிபிஎஸ் வைத்துக்கொள்வது வண்டிக்காரரின் விருப்பம்.

ஏமாற்று இல்லையா என்றால், உண்டு. பழைய சட்டத்தில் லாரியின் எடையை உரிமையாளரே சொல்லிச் சீட்டு வாங்கலாம். குறைந்த எடைக்கு வாங்கிக்கொண்டு கூடுதலாக ஏற்றிப் போனார்கள். யாராவது எடைமேடையில் நிறுத்தினால் ஒழிய மாட்டவே மாட்டார்கள். 2012 ஆகஸ்டில் அமலுக்கு வந்த புதிய சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. அந்த வகை வண்டி சட்டப்படி அதிகபட்சம் எவ்வளவு ஏற்றலாமோ அந்த எடைக்கே கட்டணம், ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும். நேர்மையாகக் குறைவாக ஏற்றியவர்களுக்கு இது நஷ்டம்தான். ஆனால் யாராலும் சரிபார்க்க முடியாத நியாயத்தைவிட, சரிபார்க்கக்கூடிய சுமாரான நியாயம் மேல் என்று முடிவெடுத்தார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

2008 ஜூலை, 2022 மார்ச்

முறையின் பலவீனம் என்னவென்று இரண்டு சம்பவங்கள் காட்டிக் கொடுத்தன.

2008 ஜூலை 1 அன்று, முன்னறிவிப்பு இல்லாமல் கனரக வண்டிகளுக்கான கட்டணத்தை அரசு ஏற்றியது. ஏற்றுவதற்கு முன்பு சொல்லிவிட்டுத்தான் செய்வோம் என்று லாரித் துறைக்கு ஏற்கெனவே உறுதி கொடுத்திருந்தார்கள். அப்போது போக்குவரத்து அமைச்சர் ஆனெட் கிங். ஜூலை 4 காலையில் ஆக்லாந்து, வெலிங்டன், கிறைஸ்ட்சர்ச் என்று நகரம் நகரமாக லாரிகள் இறங்கி, ஹார்ன் அடித்துக்கொண்டு நடு ஊரில் ஊர்ந்தன. டீசல் விலை உச்சத்தில் இருந்த நேரம் அது. பொதுமக்களிலும் நிறையப் பேர் லாரிக்காரர்களுக்குக் கை அசைத்தார்கள்.

அரசு ஏன் வாக்கு மாறியது? அதில் ஒரு கணக்கு இருக்கிறது. கிலோமீட்டரை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம் என்றால், அடுத்த மாதம் விலை ஏறப்போகிறது என்று சொன்னதும் எல்லாரும் இன்றைய விலைக்கு வாங்கி அடுக்கிவிடுவார்கள். ஏற்றியும் பல மாதங்களுக்கு வருமானம் வராது. சொல்லாமல் ஏற்றினால் தெருவில் லாரி நிற்கும். எரிபொருள் வரியில் இந்த இக்கட்டு கிடையாது, ஏனென்றால் ஓராண்டுக்கான பெட்ரோலை யாரும் வீட்டில் வாங்கி வைக்க முடியாது. இந்த ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு, முறையையே ஆராய்ந்த தனிக்குழு ஒன்று 2009 மார்ச்சில் அறிக்கை தந்தது. ரக்கைத் தூக்கிவிட்டு டீசல் வரிக்குப் போகலாம் என்று அது சொல்லவில்லை. எளிமையாக்குங்கள் என்றுதான் சொன்னது. அதன் பலன்தான் மேலே சொன்ன 2012 சட்டம்.

2022-இல் நேர் எதிராக நடந்தது. உக்ரைன் போரால் எண்ணெய் விலை ஏறியபோது, ஜெசிந்தா ஆர்டர்ன் அரசு பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 25 சென்ட் குறைத்தது. மார்ச் 14 அன்று அறிவித்து, அன்று நள்ளிரவே அமல். டீசல்காரர்களுக்கும் சமமான சலுகை தர வேண்டும் அல்லவா? அதற்குத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. ரக் 36 சதவீதம் குறைந்தது ஏப்ரல் 21-ஆம் தேதிதான். இடையில் ஐந்து வாரம். 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலராக இருந்தது ஏறத்தாழ 49 டாலருக்கு வந்தது. அந்த விலைக்குக் கையில் காசு இருந்தவர் எதிர்காலத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். இல்லாதவர் ஆயிரம் ஆயிரமாகத்தான் வாங்க முடியும். அவசர நிவாரணத்துக்கு இந்தக் கருவி லாயக்கில்லை என்பதை அந்த ஐந்து வாரம் காட்டியது.

மின்சார கார்களின் முறை

மின்சார கார்களை ஊக்குவிக்க 2009 முதல் அவற்றுக்கு ரக் விலக்கு இருந்தது. பெட்ரோல் வரியும் இல்லை, ரக்கும் இல்லை. சாலையை இலவசமாகவே பயன்படுத்தினார்கள். 2024 மார்ச் 31-உடன் விலக்கு முடிந்தது. பிளக்-இன் ஹைப்ரிட்டையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் வண்டிகள் ஏப்ரல் 1 முதல் இந்த முறைக்குள் வந்தன. முழு மின்சார காருக்கு டீசல் காரைப் போலவே 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். பிளக்-இன் ஹைப்ரிட் பெட்ரோலும் போடுவதால் பம்பிலும் வரி கட்டுகிறது; அதற்கு முதலில் 53 டாலர் என்றார்கள், எதிர்ப்பு வந்ததும் 38 ஆக்கினார்கள். மே 31 வரை அபராதம் இல்லாமல் பழகிக்கொள்ள அவகாசமும் தந்தார்கள்.

நிர்வாக அளவில் இது பெரிய குளறுபடி இல்லாமல் நடந்தது. இயந்திரம் 46 வருடங்களாக ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். புதிதாக ஒரு ஆபீசைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. சண்டை தொகையைப் பற்றி வந்தது. அந்தச் சண்டையில் நியாயம் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பெட்ரோலில் லிட்டருக்கு சுமார் 70 சென்ட் சாலை நிதிக்குப் போகிறது. 15 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 80 சென்ட். அப்படியென்றால் 76 டாலர் என்பது 94 லிட்டர் பெட்ரோலுக்கான வரி. 94 லிட்டரில் 1,000 கிலோமீட்டர், அதாவது லிட்டருக்குப் பத்தரை கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காரும் மின்சார காரும் சமமாகக் கட்டுகின்றன. இலங்கைத் தெருக்களில் பார்த்துப் பழகிய டொயோட்டா அக்வா ஹைப்ரிட் நியூசிலாந்திலும் ஏராளம். இரண்டு நாடுகளுக்கும் ஜப்பானின் பழைய கார்கள்தானே வருகின்றன. அது லிட்டருக்கு 23 கிலோமீட்டர் ஓடினால் 1,000 கிலோமீட்டருக்குக் கட்டும் வரி 35 டாலர். பழைய பெரிய பெட்ரோல் வண்டி, லிட்டருக்கு 8 கிலோமீட்டர்தான் தருகிறது என்றால் 100 டாலர். ஆக, பெட்ரோலே குடிக்காத நிசான் லீஃப், பெட்ரோல் குடிக்கும் அக்வாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் கட்டுகிறது. 2023 டிசம்பருடன் மின்சார கார் வாங்குவதற்கான மானியமும் நின்றுபோயிருந்தது. இரண்டும் சேர்ந்து 2024-இன் தொடக்கத்தில் புது மின்சார கார் விற்பனை படுத்துவிட்டது.

அரசின் பதில் இது: சாலைக்குப் போடும் கட்டணம் வேறு, கரியமில வாயுவுக்குப் போடும் விலை வேறு. இரண்டாவதை உமிழ்வு வர்த்தகத் திட்டம் பார்த்துக்கொள்கிறது. 2010 ஜூலை முதல் அது பெட்ரோல் விலையில் சேர்ந்திருக்கிறது. கொள்கையாக இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒரே சாலையில் ஒரே தூரம் ஓடும் இரண்டு கார்களில், என்ஜின் புதுசு என்பதற்காக ஒன்றுக்குச் சாலைச் செலவு குறைவதில்லை. ஆனால் சில வண்டிகளை மட்டும் புது விதிக்குக் கொண்டுவந்துவிட்டு மீதியைப் பழைய விதியிலேயே விட்டுவைத்தால் அநியாயம்தான் பிறக்கும். அக்வாவை உள்ளே கொண்டுவராமல் லீஃபை மட்டும் கொண்டுவந்ததுதான் 2024-இன் கோளாறு. எல்லா வண்டிகளுக்கும் மாற்றுவோம் என்ற 2025 அறிவிப்பு, ஒருவகையில் அந்தக் கோளாறிலிருந்து தப்பிக்கும் வழி.

பன்னிரண்டு டாலர்

பெரிய விவாதங்களுக்கு நடுவே ஒரு சின்ன விஷயம் கவனம் பெறாமல் போகிறது. ஒவ்வொரு தடவை ரக் வாங்கும்போதும் நிர்வாகக் கட்டணம் என்று, ஆன்லைனில் வாங்கினாலும் 12 டாலருக்குச் சற்று மேல் பிடித்துக்கொள்கிறார்கள். 10,000 கிலோமீட்டரை ஒரே தடவையில் வாங்கினால் 760 டாலரின் மேல் 12 டாலர்; பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆயிரம் ஆயிரமாகப் பத்துத் தடவை வாங்கினால் 120 டாலருக்கு மேல். ஏறக்குறைய 16 சதவீதம் கூடுதல், அதுவும் கையில் மொத்தமாகக் காசு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக.

இப்போதைக்கு இதில் மாட்டுகிறவர்கள் டீசல் யூட் (பின்னால் சரக்குத் தட்டு உள்ள பிக்-அப்) வைத்திருக்கும் தொழில்காரர்களும் மின்சார கார் வைத்திருப்பவர்களும்தான், பெரும்பாலும் சமாளித்துக்கொள்வார்கள். பெட்ரோல் வண்டிகள் வரும்போது படம் மாறும். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தரும் பழைய வண்டி யாரிடம் இருக்கிறது? வசதி குறைந்த குடும்பங்களிடம்தான். கணக்குப்படி புது முறையில் அவர்களுக்கு லாபம்: 100 டாலர் 76 ஆகிறது. ஆனால் அந்த 100 டாலரை அவர்கள் இருபது டாலர், முப்பது டாலர் என்று பெட்ரோல் போடும்போதெல்லாம் தெரியாமல் கட்டிவந்தார்கள். இனி 76-உடன் 12-ஐச் சேர்த்து முன்பணமாக வைக்க வேண்டும். கையில் இல்லாத மாதத்தில் என்ன செய்வார்கள்? கட்டாமலே ஓட்டுவார்கள். தகுதிச் சோதனைக்குப் போனால் பாக்கி வெளியே வரும் என்று தெரிந்தால் அதற்கும் போகமாட்டார்கள். வரி பாக்கியில் ஆரம்பித்தது, பிரேக் சோதிக்காத வண்டியில் போய் நிற்கும்.

வசூலிக்கும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே கதைதான். நாட்டின் ஒரே சுத்திகரிப்பு ஆலையான மார்ஸ்டன் பாயின்ட் 2022-இல் மூடப்பட்டபின், பெட்ரோல் முழுவதும் கப்பலில் இறங்குகிறது. கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சில இறக்குமதிக் கம்பெனிகளிடம் சுங்கத்துறை வரியை வாங்கிக்கொள்கிறது, வேலை முடிந்தது. ஏமாற்ற வழியே இல்லாத, செலவே ஆகாத வசூல். அதை விட்டுவிட்டு 35 லட்சம் பேரிடம் தனித்தனியாகக் கேட்கப் போகிறார்கள்.

இதை அரசு உணராமல் இல்லை. அமைச்சர் கிறிஸ் பிஷப்பின் 2025 ஆகஸ்ட் அறிவிப்பின் சாரமே இதுதான்: கண்ணாடியில் சீட்டு ஒட்டத் தேவையில்லை, முன்பணத்துக்குப் பதில் கரண்ட் பில் போல மாதாமாதம் பின்னால் கட்டலாம், தனியார் கம்பெனிகள் இந்தச் சேவையை விற்கலாம், இப்போது விற்பனையாளராகவும் கண்காணிப்பாளராகவும் ஒரே நேரத்தில் இருக்கும் போக்குவரத்து முகமையின் இரண்டு வேலைகளையும் பிரிப்பது. சட்டத்தை 2026-இல் நிறைவேற்றி, 2027-இல் புது முறையைத் திறப்பது என்பது திட்டம். பெட்ரோல் வண்டிகள் எந்த நாளில் மாறும் என்று மட்டும் தேதி குறிக்கவில்லை. குறிக்காதது புத்திசாலித்தனம் என்றே சொல்வேன்.

மற்ற இடங்கள், சுருக்கமாக

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021 ஜூலையில் மின்சார கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 2.5 சென்ட் போட்டது. 2023 அக்டோபர் 18 அன்று, அந்த நாட்டின் தலைமை நீதிமன்றமான ஹை கோர்ட் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதைச் செல்லாது என்றது. கலால் வரி போடும் அதிகாரம் அங்கே மத்திய அரசுக்கு மட்டும்தான். அமெரிக்காவின் ஓரிகான், 1919-இல் முதன்முதலாகப் பெட்ரோல் வரி போட்ட மாநிலம், 2015 ஜூலையில் மைலுக்கு 1.5 சென்ட் திட்டத்தை விருப்பம் உள்ளவர்களுக்குத் திறந்தது. 5,000 வண்டிகள் வரை சேரலாம் என்றார்கள். அந்த எண்ணிக்கையை எட்டவே இல்லை. விருப்பப்பட்டு வரி கட்ட வா என்றால் யார் வருவார்கள்? நியூசிலாந்தில் இரண்டு பிரச்சினையும் இல்லை: மாநிலங்கள் கிடையாது, விருப்பம் என்ற பேச்சும் கிடையாது.

மாறும் நாள்

பெட்ரோல் வண்டிகள் மாறும் நாளில் என்ன ஆகும் என்பதுதான் இனி பார்க்க வேண்டியது. அன்று பம்பில் லிட்டருக்கு 80 சென்ட் குறைய வேண்டும். முழுசாகக் குறையுமா? எண்ணெய்க் கம்பெனிகள் அதில் ஐந்து, பத்து சென்டைப் பிடித்துக்கொண்டால், வண்டிக்காரர் ரக்கும் கட்டி அதையும் கட்டுவார். எரிபொருள் விலையைக் கண்காணிக்கும் வேலை ஏற்கெனவே அங்கே வணிக ஆணையத்திடம் இருக்கிறது. அதை அன்றைக்கு எவ்வளவு இறுக்கமாகச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. அடுத்தது, புல்வெட்டும் இயந்திரமும் படகும் பெட்ரோலில்தான் ஓடுகின்றன. சாலைக்கே வராத அவை இதுவரை கட்டிவந்த சாலை வரி அன்றோடு நிற்கும். அந்தப் பணத்தை யாரிடம் வாங்குவது? கடைசியாக ஓடோமீட்டர். கிலோமீட்டரைத் திருப்பி வைப்பது இதுவரை பழைய கார் விற்பவரின் தில்லுமுல்லு; இனி அது வரி ஏய்ப்புக்கும் வழி. சட்டத்தில் தண்டனை இருக்கிறது. 35 லட்சம் மீட்டர்களைப் பார்க்க ஆள் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

என்னைக் கேட்டால் இதற்கெல்லாம் முன்பு அந்த 12 டாலரை எடுக்க வேண்டும். அதற்குத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.